மஞ்சள் வளையம் போட்ட வேம்பு

2023 அக்டோபர் 19, வியாழக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிஷம். வானம் மூடிக் கிடந்தது. முந்தின நாள் தூறியதோடு சரி, மழை இல்லை, காற்றும் இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து இளையரசனேந்தலுக்கு ஒரு துக்க வீட்டுக்காகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே வேப்ப மரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். குருவிகுளம் தாண்டும்வரை அறுபத்துநான்கு. அத்தனையும் நுனி கருகி நின்றன.

இது பூஞ்சணத்தால் வரும் நோய். மழைக்காலம் பிறந்ததும் கொப்பு நுனிகள் தீயில் வாட்டினதுபோல் பழுப்பாகிக் காயும். வெயில் காலத்தில் மரம் மறுபடி துளிர்க்கும், அடுத்த மழைக்கு மறுபடி கருகும். அப்படியே காய்ப்பு நின்று, விதை நின்று, ஒரு நாள் மரமும் நின்றுபோகும்.

"டவர் வந்ததுல இருந்துதான் வே வேம்பெல்லாம் இப்படிப் போகுது" என்றார் பின் சீட்டில் ஒருவர்.

"அப்பம் ஒம்ம வீட்டுப் புளியமரம் ஏன் பச்சையா நிக்கி? அதுக்குச் சிக்னல் கிடைக்கலையோ?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மர ஆராய்ச்சி நாற்றங்கால் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேக்கையும் தைலமரத்தையும் கொப்பு வெட்டி வேர் பிடிக்க வைத்ததுதான் என் பிழைப்பு. வேம்பு அழிவதைப் பஸ்ஸிலிருந்து எண்ணுவதைத் தவிர இப்போது என்னால் ஆவது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அறுபத்தைந்தாவது மரம் வந்தது. சாலையிலிருந்து சற்று உள்ளே, கிணறு உள்ள ஒரு விவசாயக் காட்டில், தனியாக. உச்சி முதல் அடிக்கொப்பு வரை பச்சை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். மரத்தை மூன்று முறை சுற்றி வந்தேன். ஒரு நுனிகூடக் கருகவில்லை. துக்க வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள்.

அந்த மரம் நோயைத் தாங்கும் மரமாக இருக்கலாம். இருந்தால், அதன் கொப்பிலிருந்து அதே மரத்தை ஆயிரமாகப் பெருக்கலாம். விதை போட்டால் தாயின் குணம் அப்படியே வராது, கொப்பு என்றால் வரும். ஆனால் ஒரு வருஷப் பச்சையை நம்ப முடியாது. நோய் அதன்மேல் விழாமல் தப்பியிருக்கலாம். மூன்று மழைக்காலமாவது தாய்மரத்தைப் பார்க்க வேண்டும், அதன் கன்றுகளில் நோயை ஏற்றியும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொல்லி, என் பழைய அலுவலகத்தில் இப்போது இருக்கும் பெண் விஞ்ஞானிக்குப் போன் செய்தேன். ஜனவரியில் வந்தார்.

நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் ஆடும் வைத்திருந்தார், நாற்பதுக்கு மேல். அந்த மரத்தடியில்தான் அவை மத்தியானம் படுக்கும். கொப்பு வேண்டும் என்று கேட்டதற்கு, "வேம்புதானே, வேணுங்கிற மட்டும் ஒடிச்சுக்கிடுங்க. என் ஆட்டுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். நாங்கள் அறுபது குச்சிகள் வெட்டினோம். பிறகு விஞ்ஞானி எங்கள் தொழிலின் வழக்கப்படி, தாய்மரம் என்று தெரிவதற்காக, நெஞ்சு உயரத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு வளையம் போட்டு, அதன் கீழே ஒன்று என்று எண் எழுதினார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் காலத்தில் இப்படி எத்தனையோ மரத்துக்குப் போட்டிருக்கிறோம், எல்லாம் காப்புக்காடுகளில்.

வீட்டு மொட்டைமாடியில் மூங்கிலும் பாலித்தீனும் வைத்து ஒரு கூடாரம் கட்டி, குச்சிகளை வேர் விடச் செய்யும் வேர்த்தூளில் தோய்த்து மணலில் நட்டேன். நாளுக்கு எட்டுத் தடவை தண்ணீர் தெளித்தேன். முதிர்ந்த மரத்துக் கொப்பு லேசில் வேர் விடாது. பிப்ரவரி முடிவதற்குள் அறுபதும் அழுகின.

மறுபடி குச்சி வெட்டுவதற்காக மார்ச் முதல் வாரம் போனேன். மரம் இல்லை. முழங்கால் உயர அடிக்கட்டை மட்டும் இருந்தது. ஆடுகள் மோட்டார் ரூம் நிழலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

"என்ன வே இப்படிச் செஞ்சீரு?" என்று காட்டுக்காரரிடம் கத்தினேன்.

"நான் என்ன செஞ்சேன் அண்ணாச்சி? ரோட்ட அகலப்படுத்துதோம்னு வந்தவன் மரத்துக்கெல்லாம் நம்பர்தானே போட்டான்? ஒரே வாரத்துல ஒண்ணு மிச்சம் இல்ல. எங்க மச்சானுக்கு ரெண்டு புளி போச்சு. நீங்களும் நம்பர் போட்டிய. அதுவும் ஒண்ணாம் நம்பர். மொதல்ல வெட்டப் போறது என் மரம்னுலா அர்த்தம்? கவர்மெண்டு எடுக்கதுக்கு முன்ன நாமளே வித்துருவோம்னு விறகுக்காரனுக்குக் கொடுத்துட்டேன்."

"இது வளக்கதுக்குப் போட்ட நம்பர் வே."

"வளக்கதுக்கு யாரு அண்ணாச்சி நம்பர் போடுவா?"

அவர் கேலி செய்யவில்லை. அவருக்கும் வருத்தம்தான், நிழல் போய்விட்டதே. "நாளைக்கு ஜேசிபி வருது. கட்டையையும் தோண்டிக் கொடுத்தா செங்கச்சூளைக்காரன் எடுத்துக்கிடுவான்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. கட்டை இருந்தால் துளிர் வரும். வெட்டின அடிக்கட்டையிலிருந்து வரும் துளிருக்கு இளங்கன்றின் குணம், அது வேர் பிடிக்கும். எங்கள் நாற்றங்காலில் நல்ல மரத்தை இதற்காகவே வெட்டுவதும் உண்டு. வெட்டினதே நல்லதுதான் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. கட்டைக்கு நாலாயிரம் ரூபாய் பேசி, அங்கேயே கொடுத்தேன். ஆடு வாய் வைக்காமல் சுற்றிலும் முள்வேலி. வாரத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் போய், அவர் மோட்டாரிலிருந்தே குடத்தில் மொண்டு ஊற்றினேன்.

"மரத்துக்குக் கருமாதி எப்பம்? சொன்னா எலை வாங்கி வைக்கேன்" என்றாள் என் மனைவி, நான் ஒவ்வொரு தடவை செருப்பை மாட்டும்போதும். மே மாதம் துளிர் வந்த செய்தியைச் சொன்னபோது மட்டும், "நெசமாவா? எத்தனை?" என்று கேட்டாள். இருபத்துமூன்று.

ஜூனுக்குள் துளிர் இன்னும் பெருகியது. சிலவற்றைக் கட்டையிலேயே விட்டுவிட்டு நாற்பது குச்சிகள் எடுத்தேன். பதினொன்று வேர் பிடித்தன. ஆகஸ்டில் அவற்றைப் பைக்கு மாற்றினேன். விஞ்ஞானி படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "சூப்பர் சார்" என்று பதில் வந்தது. என் சர்வீஸில் எந்த அதிகாரியும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அக்டோபரில் மழை பிடித்தது. நான்காவது நாள் காலையில் மாடிக்குப் போனேன். மூன்றாவது பையில் நுனி தலை கவிழ்ந்திருந்தது. மழைத் தண்ணீர் கூடிப்போனதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் அது பழுப்பு. அந்த வாரத்துக்குள் ஏழு. தீபாவளிக்கு முன்பே பதினொன்றும். நோய் வந்த நுனிகளை வெட்டி எரித்தேன், மருந்தும் அடித்தேன். இளங்கன்றுக்குத் தாங்கும் உடம்பு ஏது? கீழே தண்டு வரை காய்ந்துகொண்டே வந்தன. காட்டுக்கு ஓடினேன். கட்டையில் விட்டுவைத்த துளிர்களும் கருகி நின்றன, வேலிக்குள்ளே, ஆடு தீண்டாமல்.

விஞ்ஞானிக்குப் போன் செய்தேன்.

"அப்பம் அந்த மரத்துக்கு நோய் தாங்குற குணம் கிடையாதா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது சார். சில மரம் சின்னதா இருக்கும்போது தாங்காது, வயசானா தாங்கும். இல்ல, போன வருஷம் அது சும்மா தப்பிச்சிருக்கலாம். பெரிய மரம் நின்னிருந்தா இந்த மழைக்குப் பாத்திருக்கலாம்."

"இனிமே?"

"இனிமே பாக்க மரம் இல்லையே சார்."

கட்டை டிசம்பரில் செத்தது. காட்டுக்காரர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் தோண்டிப் போட்டார். அந்த இடத்தில் இப்போது உளுந்து போட்டிருக்கிறார். பச்சையாக நிற்கும் வேறு வேம்பு ஒன்று தென்பட்டால் சொல்லும்படி பஸ் கண்டக்டர்கள் இரண்டு பேரிடம் சொல்லி வைத்தேன். ஒன்றரை வருஷமாகிறது. ஒருவரும் சொல்லவில்லை. நானும் எண்ணிக்கொண்டுதான் போகிறேன். குருவிகுளம் வரைக்கும் இப்போது நாற்பத்தொன்பது மரங்கள்தான் இருக்கின்றன.

கூடாரத்தைப் பிரித்து மூங்கிலைக் கீழே இறக்கிய அன்று, "எல்லாமாச் சேத்து எவ்வளவு போச்சு?" என்று மனைவி கேட்டாள். கட்டை, வேலிக்கூலி, பாலித்தீன், வேர்த்தூள், மருந்து, பஸ் கட்டணம் எல்லாம் கூட்டிச் சொன்னேன்: பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.