பதினேழாம் கட்டிலின் பைஸ்டாண்டர்

எனக்குப் பாட வரும் என்பதால்தான் என்னைப் பாஸ்டர் ஆக்கினார்கள். பிரசங்கம் சுமார்தான், அது எனக்கே தெரியும். திருநெல்வேலிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் திருவனந்தபுரம் வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாடகை ஹாலில் கூடுவார்கள். அவர்களுக்கு முப்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறேன். நானே எழுதிப் பாடிய ஓர் ஆறுதல் பாட்டு எப்படியோ எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது. அன்று பிடித்தது சனி என்று ஒரு பாஸ்டர் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. சாவு வீடோ கல்யாண வீடோ, எங்கே போனாலும் அதே பாட்டு. பாடிக்கொண்டே மனசுக்குள் பஸ் நேரம் பார்க்கப் பழகிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் என் மனைவியை வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினேழாம் கட்டில். சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நோயாளிக்குத் துணை இருப்பவரை இங்கே பைஸ்டாண்டர் என்பார்கள். மருந்து வாங்க, கையெழுத்துப் போட, ரிசல்ட் சொல்ல, எல்லாவற்றுக்கும் நர்ஸ் கூப்பிடுவது அவரைத்தான். இரவில் என் தங்கை இருந்தாள், பகலில் நான்.

ரிசல்ட் வரவேண்டிய காலையில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"பாஸ்டரய்யா, எங்க அம்மைக்கு தீரெ வய்யா, ரொம்ப முடியல. அந்தப் பாட்ட ஒண்ணு பாடுங்களேன்."

என் மனைவி, போய் வாருங்கள் என்று தலையசைத்தாள். ஒரு கட்டில் இரண்டாயிற்று. பக்கத்து வார்டிலிருந்தும் ஆள் வந்தது. மறுக்கத் தெரியாதவன் என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம்தான். உண்மை அதுவல்ல. யாராவது கேட்டால் எனக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. களைப்பெல்லாம் பாடி முடித்த பிறகு வருவது.

திரும்பி வந்தபோது நர்ஸ் சிடுசிடுத்தாள். "பதினேழின்டெ பைஸ்டாண்டர் எங்க போயி? எத்தன தடவ விளிச்சு!"

டாக்டர் வந்து காத்திருந்திருக்கிறார். ஆள் இல்லாததால் நோயாளியிடமே நேராகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன கட்டில்ல பாடுனீங்க?"

"அஞ்சு."

"ஈரலுக்கும் பரவியாச்சாம். இனி ஆபரேஷன் பண்ணி பிரயோஜனம் இல்லன்னு சொன்னாரு. நீங்க மூணாவது கட்டில்ல பாடிட்டிருந்தீங்க, எனக்குக் கேட்டுது."

எனக்கு டாக்டர் மேல் கோபம் வந்தது. நர்ஸ் மேல் வந்தது, என்னைக் கூப்பிட்ட அந்தப் பெண் மேலும் வந்தது. என் மேல் வரத்தான் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஆளனுப்பி என்னை விளிச்சிருக்கலாமே?"

"பக்கத்துக் கட்டில்காரி வந்து பாத்தா. அந்த மூணாவது கட்டில் அம்மா உங்க கையப் புடிச்சுட்டு அழுதுட்டிருந்தாங்களாம். எப்படி விளிக்க?"

வேறென்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்து ஜெபிக்க ஆரம்பித்தேன். பழக்கதோஷம், குரல் தானாக ஏறியது. நாலு கட்டில்களிலிருந்து ஆமென் வந்தது. யாரோ எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"மெதுவா," என்றாள் அவள். "எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

குரலைத் தாழ்த்தினேன். அந்தக் குரலில் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.