மலையைச் சுற்றி வந்த சிக்னல்

இரண்டு கிண்ண ஆண்டெனாக்களை ஒன்றையொன்று பார்க்க வைப்பதுதான் எங்கள் தொழில். நடுவில் எதுவும் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தலைவலி. அடுத்தவர் மொட்டை மாடியில் வெயிலில் காய்ந்தபடி, வீட்டுக்காரர் கேட்கும் கேள்விக்கெல்லாம் சிரித்த முகத்தோடு பதில் சொன்னவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும்.

எத்தனையோ ஊரில் எத்தனையோ இணைப்பு போட்டாயிற்று. ஆனால் நினைத்து நினைத்து ஏங்குவது சில வருஷங்களுக்கு முன் திருவண்ணாமலையில் போட்டதை மட்டும்தான். அடி அண்ணாமலையில் சின்னக் கிளினிக் நடத்திய ஒரு டாக்டரம்மா கேட்ட இணைப்பு அது. அதற்கு முந்தைய கார்த்திகை தீபத்தன்று, கூட்டத்தில் செல்போனெல்லாம் ஸ்தம்பித்துவிட்டது. நெஞ்சுவலியோடு வந்த ஒருவரின் ஈசிஜியை வேங்கிக்காலில் இருந்த இதய டாக்டருக்கு அனுப்பி, ஊசி போடலாமா என்று கேட்க வழியில்லை. வலியோடு வந்தவர் இறந்துபோனார். இந்தத் தீபத்துக்குள் ரேடியோ இணைப்பு வேண்டும் என்று டாக்டரம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

மேலாளரின் கோடு

பெங்களூரில் இருந்த என் மேலாளர் வரைபடத்தில் அடி அண்ணாமலைக்கும் வேங்கிக்காலுக்கும் கோடு போட்டுப் பார்த்து, தூரம் கம்மிதான் என்று குஷியாகிவிட்டார். கோட்டுக்கு நடுவே மலை இருக்கிறது என்று போனில் சொன்னேன். கம்பத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் தாண்டிவிடாதா என்றார் அந்தப் புண்ணியவான்.

என்னோடு வேலை பார்த்த பஷீர் பாய் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பரம்பரையாக அந்த ஊர்க்காரர். கம்பம் நடுவதும் ஆண்டெனாவைத் திருப்புவதும் அவர்தான். பொறுக்கமாட்டாமல் போனுக்குக் குனிந்து சொன்னார்: "சார், எங்க ஊர்ல மலையைத் தாண்டறது கிடையாதுங்க. சுத்திட்டுத்தான் வரணும்."

காற்றுக்குப் பட்டா

கிரிவலப் பாதையில் லாட்ஜுக்கு லாட்ஜ் வைஃபை. இலவச அலைவரிசையில் சந்தைக்கடை இரைச்சல். அதனால் வேறு யாரும் நுழைய முடியாதபடி, எங்களுக்கென்று ஒரு அலைவரிசைக்கு டெல்லியில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்திருந்தோம். வந்தபாடில்லை. தினமும் கலெக்டர் ஆபீஸ் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து போனையே வெறித்துக்கொண்டிருப்போம். அந்த ஏலக்காய் டீ இப்போது கிடைத்தால் நன்றாயிருக்கும்.

கடைசியில் லைசென்ஸ் வந்த அன்று பாய் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். மனு கொடுக்க வந்திருந்த ஒரு பெரியவர் விஷயம் என்ன என்று விசாரித்தார். பொறுமையாக விளக்கினேன். போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க நெலத்துக்கே இன்னும் பட்டா வரல. நீங்க காத்துக்கே பட்டா வாங்கிட்டீங்களா!"

குருக்களின் சந்தேகம்

மலையைச் சுற்றிப் போக, வடக்குப் பக்கம் ஒரு மாடி தேவைப்பட்டது. அண்ணாமலையார் கோயில் குருக்கள் ஒருவர் தம் வீட்டு மாடியைக் கொடுத்தார். கைப்பிடிச் சுவரில் துளை போடக்கூடாது, உயரமாகக் கம்பம் நட்டு மலையை மறைக்கக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். மாடி நடுவே மணல் மூட்டை அடுக்கி, நெஞ்சளவு உயரத்தில் இரண்டு ஆண்டெனாக்களை நிறுத்தினோம்.

ஈசிஜி அடி அண்ணாமலையில் கிளம்பி, இங்கே வந்து, வேங்கிக்கால் போகும் என்று கையால் காட்டினேன். கிரிவலம் போகிற திசைதான் என்று குருக்களுக்குப் பரம திருப்தி. சட்டென்று முகம் மாறியது. "போறது சரி. பதில் வர்றச்சே அப்பிரதட்சணமான்னா வரும்?" என்றார். தீபம் நெருங்கும் நேரத்தில் காரியம் கெட்டது என்று நினைத்தேன். பாய் மட்டும் அசரவில்லை. "பதில் எங்க சுத்துது சாமி? அது வீட்டுக்குத் திரும்புது."

எழுந்து நின்ற மாடி

தீபத்தன்று நானும் பாயும் அந்த மாடியிலேயே காவல் இருந்தோம். குருக்கள் கோயிலில். அவர் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம், உறவுக்காரர்களை எல்லாம் மாடியில் ஜமக்காளம் விரித்து உட்கார வைத்திருந்தார். சுண்டல் வந்தது. மீட்டரில் சிக்னல் கல் போல நின்றது. இணைப்பிலேயே ஓடும் போனில் டாக்டரம்மா கூப்பிட்டார். "நெஞ்சுவலி கேஸ் வந்திருக்குங்க. ஈசிஜி எடுக்கறோம். லைன் விட்டுடாதீங்க."

அந்த நேரம் பார்த்து மலை உச்சியில் தீபம் தெரிந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று மாடி முழுக்க எழுந்து கைகளைத் தலைக்குமேல் தூக்கியது. ஆண்டெனாவுக்கு முன்னால் ஆள் சுவர். சிக்னல் செத்துவிட்டது. துணி மட்டும் காய்ந்த மாடியில் உயரம் அளந்த நாங்கள், தீபத்தன்று ஊரே மாடியில் எழுந்து நிற்கும் என்பதை யோசிக்கவே இல்லை. உள்ளூர்க்காரரான பாய்கூட! உட்காருங்கள் என்று கத்தினேன். அரோகராவில் யார் காதிலும் விழவில்லை.

பாய் மாமியிடம் ஓடி விஷயத்தைச் சொன்னார். மாமி திரும்பி, "அங்க ஒரு உசுரு தவிக்கறது. எல்லாரும் உக்காந்துண்டே தரிசனம் பண்ணுங்கோ!" என்றார். தீபத்துக்கு முன்னால் உட்காருவதா என்று ஒருவர் முணுமுணுத்தார். மாமி கூப்பிய கையோடு முதல் ஆளாகத் தரையில் உட்கார்ந்தார். பிறகு வரிசை வரிசையாக மற்றவர்கள். வருஷம் முழுக்கக் காத்திருந்த காட்சியைக் கைப்பிடிச் சுவர் பாதி மறைக்க, ஒருவரும் எழவில்லை. சிக்னல் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்துப் போன் அடித்தது. டாக்டரம்மாதான். "பதில் வந்து ஊசி போட்டாச்சுங்க. ஆளு பொழைச்சுக்குவாரு. தீபம் பாக்கணும், கட்டிலோட வெளிய தூக்குங்கன்னு என்கிட்டயே சண்டை போடறாரு!"

இப்போது சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து கணினியிலேயே இணைப்புக்குக் கோடு போடுகிறேன். அதன் குறுக்கே யாரும் எழுந்து நிற்பதில்லை, எனக்காக யாரும் உட்காருவதும் இல்லை.