வாசலுக்கு வந்த விரால்

அந்த வருஷம் ஐப்பசியில் ஏமாற்றிய மழை கார்த்திகையில் சேர்த்து வைத்துப் பெய்தது. மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் தை வரைக்கும் நிரம்பிக் கிடந்தன. அறுப்பு முடிந்து, பங்குனி பாதியில் அம்மா பிறந்த ஊர்க் கண்மாயில் பெரியவர்களுக்கு முழங்கால், எனக்கு இடுப்பு என்கிற அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தது. நடுவில் ஜிலேபி மீனும் கெண்டையும் நின்றன. மடையை ஒட்டிச் சேறு ஆழம், விரால் அங்கே. மீன்பிடித் திருவிழாவுக்கு இதைவிட நல்ல தண்ணீர் வாய்க்காது என்று மாமா போனில் சொன்னார். மாமா அம்மாவின் அண்ணன். அந்த வீட்டில் எங்களோடு பேசிய ஒரே ஆள்.

மற்றவர்கள் பேசாததற்குக் காரணம் அப்பா. அவர் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வீட்டில் பேசியது வேறு மொழி. மீனோ முட்டையோ அவர் தட்டுக்கு வந்ததில்லை. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தார். அதே கடையில் பில் போட்ட அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, எங்களை வீட்டுக்குள் விடவில்லை. நான் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் விடவில்லை.

உள்ளே போக ஒரு வழி இருப்பதைச் சொன்னவர் மாமா. அந்த ஊர்க் கண்மாயில் பிடித்த மீனை யாரும் விற்பதில்லை. சமைக்கலாம், கொடுக்கலாம். திருவிழா அன்று மீனோடு வாசலுக்கு வந்தவரை வேண்டாம் என்று அனுப்பக் கூடாது. வாங்கிச் சமைத்து, கொண்டு வந்தவரையும் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குக் கண்மாய் நிறையாது என்று ஊரே நம்பியது.

“ஆனா மாப்ள, நீங்க பிடிச்ச மீனா இருக்கணும்.”

“மார்க்கெட்ல வாங்கிட்டு வந்தா?”

“வாங்கலாம். அது எந்த ஊரு மீனுன்னு எங்கப்பா கண்ண மூடிக்கிட்டே சொல்லிருவாரு.”

அப்படித்தான் மீனே சாப்பிடாத மனிதர் மீன் பிடிக்கக் கிளம்பினார்.

அங்கே பிடிப்பது பெரும்பாலும் ஊத்தாவில். மூங்கில் குச்சிகளால் முடைந்த கூடை அது. மேலே குறுகல், கீழே அகலம், இரண்டு பக்கமும் திறப்பு. கலங்கிய தண்ணீரில் அதைக் குத்தி அமுக்கி, மேல் திறப்பு வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். முதல் வருஷம் அப்பா கையை விடுவதற்கு முன் குனிந்து உள்ளே பார்த்தார். ஊரில் பிறந்த எந்தக் குழந்தையும் செய்யாத காரியம் அது. உள்ளே இருந்த விரால் எம்பிக் குதித்து அவர் நெற்றியில் மோதி, மூக்குக் கண்ணாடியையும் தட்டிவிட்டுப் போய்விட்டது.

“மீனு கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் போயிருச்சு மாப்ள,” என்றார் மாமா, கரையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “அடுத்த வருஷம் உங்களத் தூரத்துலயே பாத்துரும்.”

அடுத்த வருஷம் அப்பா தன்மேல் இடித்தவர்களிடமெல்லாம் “ஸாரிண்ணே” சொல்லிக்கொண்டு நின்றார். அவருக்கு இடம் கிடைத்தபோது கண்மாயில் சேறுதான் மிச்சம் இருந்தது. ஒரு ஒற்றைச் செருப்பு அகப்பட்டது. மாமா தன் கெண்டை ஒன்றை நீட்டினார். “அது நீங்க பிடிச்சது மச்சான்,” என்று அப்பா வாங்கவில்லை. தாத்தா கோயில் அரசமரத்தடியில் உட்கார்ந்து எங்களைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறைக்கு மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பயிற்சி நடந்தது. பழைய வாளியின் அடியை அறுத்து எடுத்துவிட்டு, அதை வைத்துக்கொண்டு அப்பா கண்ணை மூடி நிற்பார். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தேங்காய்களை உருட்டிவிடுவோம். சத்தத்தை வைத்து அவர் அமுக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, “என்ன சார், சட்னிக்கா?” என்று கேட்டார். அம்மா துணி காயப்போட்டபடியே திருத்துவாள்: “அமுக்குனதும் மேல்வாய நெஞ்சால மூடணும். பொறவு கைய விடுங்க.” அம்மா எங்கே கற்றாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

திருவிழா அன்று விடிந்ததும் ஒரே பைக்கில் மூன்று பேரும் கிளம்பி, ஒத்தக்கடையில் டீ குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தோம். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் கூட்டம் கண்மாய்க்குள் இறங்கியது. அப்பா ஓடவில்லை. மடைப் பக்கம் போய்ச் சேற்றில் காலை ஊன்றி நின்றார். நடுவில் ஆயிரம் கால்கள் கலக்கக் கலக்க விரால்கள் ஓரத்துக்கு ஒதுங்கும் என்பது அம்மாவின் கணக்கு.

அப்பா குத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி குத்தினார். பல முறை குத்தினார். பிறகு ஊத்தா அவர் கையில் உதறியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. நெஞ்சைக் கொடுத்து மேல்வாயை அடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை மட்டும் மெல்ல உள்ளே விட்டார். கடையில் வாடிக்கையாளர் கேட்டால் பட்டுச் சேலையைத் தடவிப் பார்ப்பாரே, அந்த முகம். கரையில் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தது வலித்தது.

செவுளில் விரல் மாட்டி அவர் தூக்கிய விரால் என் கை நீளத்துக்கு மேல் இருந்தது. மாமா துண்டைச் சுழற்றிக்கொண்டு சேற்றில் ஓடினார். “ஏய், எங்க மாப்ளயப் பாருங்கடா. சேலக்கடைக்காரருடா.” யார் யாரோ விசிலடித்தார்கள். அப்பா தலை முதல் கால் வரை சேறாக, மீனைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்தபடி கரையேறினார். வழிவிட்டவர்களுக்கெல்லாம் “தேங்க்ஸ்ணே” சொன்னார்.

கூட்டத்தில் பாதி எங்களோடு வந்தது. தாத்தா எங்களுக்கு முன்பே போய் வாசலில் நின்றிருந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தார்.

“எங்கன பிடிச்சது?” என்று மாமாவைக் கேட்டார்.

“மடைப் பக்கம்.”

“யாரு பிடிச்சா?”

“ஒங்க மருமகன்.”

தாத்தா மீனின் வாலைத் தூக்கிப் பார்த்தார். “மடைப் பக்கம் சேறு லேசுல போகாது,” என்றார். “தண்ணி இருக்கு. காலக் கழுவிட்டு உள்ள வரச் சொல்லு.”

அம்மா அழுதாள். நானும் அழுதேன், ஆனால் வேறு காரணத்துக்காக. அந்த விராலை ஆனையூருக்குக் கொண்டுபோய்த் தெருவுக்கே காட்டப்போவதாக நான் சொல்லி வைத்திருந்தேன். மாமாவின் மனைவி, என் அத்தை, அதை வாங்கிப் போய்ச் சாம்பல் போட்டு உரசத் தொடங்கியிருந்தார்.

சாப்பாட்டில் அப்பாவைத் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். குழம்பின் நடுத்துண்டைத் தாத்தா தன் கையால் எடுத்து, முள்ளை நீக்கி, அப்பாவின் இலையில் வைத்தார். அப்போதுதான் நான், “அப்பா, நீங்கதான் மீன் சாப்பிட மாட்டீங்களே,” என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. தாத்தா முதல்முறையாக அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

“இது நானே பிடிச்சதாச்சே, பாப்பா,” என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பிட்டார். முழுத் துண்டையும் சாப்பிட்டார். குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டதால் அம்மா எங்கள் வீட்டில் மீன் சமைத்தாள். அப்பா தன் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்த் தயிர்ச் சோறு சாப்பிட்டார். அன்றைக்கு மட்டும் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று போய்க் கேட்டேன்.

“அன்னிக்கு எனக்கு ரொம்பப் பசி,” என்றார்.

நம்பினேன். அப்பாவுக்கு நன்றாகப் பசிக்க வைத்தால் போதும், மீன் சாப்பிட்டுவிடுவார் என்று அதன் பிறகு தாத்தா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எல்லோரிடமும் சொன்னேன். தாத்தாவிடமும் சொன்னேன். அவர் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குத் தனியாக ஒரு ரசம் வைக்கும்படி அத்தையிடம் சொன்னார். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.