கருவாட்டுச் சாக்குக்குள் ஒரு சமிக்ஞை

அந்தக் கையடக்கக் கணினியைக் கொழும்பில் பழையதாக வாங்கி வந்தேன். உள்ளங்கையளவு திரை, கீழே பொடிப்பொடி எழுத்துப் பொத்தான்கள், உள்ளே லினக்ஸ். நான் பாடசாலையில் கணினி படிப்பிக்கிறவள். வகுப்பறை வை-பை ஏன் அடிக்கடி அறுகிறது என்று பார்க்கத்தான் வாங்கினேன். சுற்றியுள்ள வை-பைகளின் பெயரையும் வலுவையும் காட்டும் மென்பொருளை அதில் ஓட வைக்க இரண்டு கிழமை மினக்கெட்டேன்.

ஒரு நாள் காலை, பள்ளிமுனையில் எங்கள் பக்கத்து வளவில் கருவாட்டு வியாபாரம் செய்யும் அக்கா வேலியடிக்கு ஓடி வந்தார்.

"என்ரை போனைக் காணேல்லைத் தங்கச்சி. சாக்குக் கட்டேக்கை உள்ளுக்கை விழுந்திட்டுது போலை. லொறி வெளிக்கிடப் போகுது."

"அடிச்சுப் பாத்தனீங்களோ?"

"மணி போகுது. பூசைக்குப் போகேக்கை சத்தத்தை நிப்பாட்டினனான்."

நாற்பது சாக்கு இருக்கும். வாய் தைத்து, பாதி லொறியில் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் பிரித்தால் லொறி நாளைக்குத்தான் போகலாம் என்றார் லொறிக்காரர். வெளிநாட்டிலிருக்கும் மூத்த மகள் அனுப்பிய பேரப்பிள்ளையின் படமெல்லாம் அந்தப் போனில்தான் என்று அக்கா கண்ணைத் துடைத்தார்.

அவருடைய இளைய மகள் விறாந்தையில் தொடுதிரை ரப்பில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இன்ரநெற் எங்கையிருந்து வருது?"

"அம்மாவின்ரை போனிலையிருந்து, அன்ரி."

அப்படியென்றால் போன் வை-பையைப் பகிர்ந்துகொண்டு உயிரோடு, கிட்டத்தான் எங்கேயோ இருக்கிறது. வீட்டுக்கு ஓடிப் போய்க் கணினியை எடுத்தேன். அதில் செருகும் வை-பை அன்ரெனாவை வெறும் பால்மாத் தகர ரின்னுக்குள் நுழைத்தேன். ரின்னின் வாய் பார்க்கும் பக்கத்துச் சமிக்ஞைதான் அப்போது நன்றாகப் பிடிபடும்.

அக்காவின் போனின் பெயர் பட்டியலில் நின்றது. எழுபத்தெட்டு.

"எண் குறையக் குறையக் கிட்டப் போறம் எண்டு அர்த்தம்," என்றேன். லொறிக்காரர் சிரித்தார்.

நிலத்தில் கிடந்த சாக்குகளுக்குப் பக்கத்தில் எண்பதைத் தாண்டியது. லொறிப் பக்கம் திரும்பினேன். அறுபத்தொன்று. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறினேன். ஐம்பத்திரண்டு. பிறகு திரும்ப அறுபத்தாறு. எனக்கு வேர்த்துவிட்டது. ரின்னை மெதுவாக மறுபக்கம் திருப்பினேன். நாற்பத்தைந்து. இப்போது லொறிக்காரர் சிரிக்கவில்லை. தானே மேல் சாக்குகளைத் தூக்கி ஒதுக்கினார். முப்பத்தொன்பது. இருபத்தேழு.

"இந்தச் சாக்கு."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, டீச்சர்."

"இதுதான்."

தையலை அறுத்து, கட்டா மீன் கருவாட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். விரலில் கண்ணாடி தட்டியது. போனை உயர்த்திப் பிடித்தபோது கீழே சாக்குக் கட்டிக்கொண்டு நின்ற பெண்களெல்லாம் கை தட்டினார்கள். நான் இறங்கியதும் அக்கா கட்டிப்பிடித்துக்கொண்டார். பட்டம் வாங்கிய நாளில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து வீடு திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரு பெண் என்னை மறித்து, காணாமற்போன அலுமாரிப் பூட்டுத் திறப்பை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். திறப்புக்கு வை-பை இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.