பதினெட்டு நாள் வலி

என் கணவருக்கு முதுகு வலிக்கத் தொடங்கியபோது நாங்கள் இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். நாள் முழுக்க மெஷினுக்கு அடியில் குனிந்து வேலை பார்க்கிற ஆளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டோம். கணையத்தில் கட்டி வளர்ந்து நரம்புகளை அழுத்துகிறது என்று தெரியவந்தபோது, அதை வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டியிருந்தது.

நான் அப்போது கோயம்புத்தூரில் முனைவர் பட்ட ஆராய்ச்சியின் நான்காம் வருடத்தில் இருந்தேன். என் ஆராய்ச்சி வலி மருந்தைப் பற்றியது.

வலியைக் குறைக்க நம் உடம்பே சில சிறு சங்கிலிகளைச் செய்துகொள்கிறது. அவற்றில் ஒன்று என்கெஃபலின். ஐந்து அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தது. நரம்புச் செல்லின் மேல் இருக்கும் ஏற்பியில், நாங்கள் ரிசப்டர் என்போம், அது போய்ப் பொருந்தினால் வலிச் செய்தி அடங்கும். மார்ஃபினும் அங்கேதான் போய் உட்காருகிறது. ஆனால் என்கெஃபலினை உடம்பின் நொதிகள் சில நிமிடங்களில் வெட்டிப் போட்டுவிடும். ஆகவே ஓர் அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பார்ப்போம். எந்த மாற்றத்தை ஏற்பி ஒத்துக்கொள்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

வலி முற்றுவதற்கு முன்பெல்லாம் தினமும் காலையில் அவர்தான் என்னை வண்டியில் பஸ் ஸ்டாண்டில் விடுவார். ஒரு நாள் பஸ் வர நேரமானபோது கேட்டார்.

"அஞ்சுல எதை வேணும்னாலும் மாத்தலாமா அம்மிணி?"

"மொதல்ல இருக்கற டைரோசின்ல கை வெக்க முடியாதுங்க. அதுல ஒரு ஆக்சிஜனை எடுத்தாவே பிடி போயிரும். ரண்டாவதுல கிளைசின் இருக்குது. அதை எடுத்துப்போட்டு அலனின் வெக்கலாம். சாதா அலனின் வெச்சா சரியா ஒட்டாது. கண்ணாடில பாக்கற மாதிரி இடம் வலமாத் திரும்புன அலனின் வேணும். அதை வெச்சா என்சைம் சீக்கிரம் வெட்டறதில்லை, ரிசப்டரும் உடறதில்லை."

"ரண்டும் அலனின்தானே?"

"ஆமாங்க. திரும்பியிருக்கற பக்கம்தான் வேற."

கொஞ்சம் யோசித்தார். "எங்க மெஷின் ஊசில கொக்கி கோணிட்டா நூல் புடிக்காதல்ல, அந்த மாதிரி" என்றார். என் ஆராய்ச்சியை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இரண்டாம் இடத்து மாற்றம் எங்களுக்கு முன்பே பலர் செய்ததுதான். அதோடு சேர்த்து நான்காம் இடத்தில் இருக்கும் ஃபீனைல்அலனினின் வளையத்தில் ஒரு சின்னச் சேர்க்கையை ஒட்டுவது என் வேலை. வளையத்தின் எந்த முனையில் ஒட்டினால் ஏற்பி நன்றாகப் பிடிக்கும் என்று பார்க்க வேண்டும். செய்த சேர்மங்களைச் சோதனைக்கு வேறொரு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம்.

வழக்கமான மாத்திரைகள் கேட்காமல் போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மார்ஃபின் ஆரம்பிச்சிடலாம்மா" என்றார்.

"இப்பவே வேண்டாங்க டாக்டர். இன்னுங் கொஞ்ச நாள் பாக்கலாங்க."

அளவாகக் கொடுத்தால் பயமில்லை என்று அவர் எடுத்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. உடம்பு மருந்துக்குப் பழகிப்போவதையும் மூச்சு மந்தமாவதையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் வற்புறுத்தவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. மார்ஃபின் என்று சீட்டில் எழுதிவிட்டால் முடிவு நெருங்கிவிட்டது என்று நானே ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

அதற்குப் பிறகு பதினெட்டு நாட்கள். அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் கவிழ்ந்தே இருப்பார். அவருடைய அக்கா சோமனூரிலிருந்து வந்து கூட இருந்ததால் நான் ஆய்வகத்துக்குப் போய்வந்தேன். சேர்மங்களை அனுப்ப வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் போன் செய்து எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "தாவலை, நீ வேலையப் பாரு" என்பார்.

பத்தொன்பதாம் நாள், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லச் சொன்னார். என் கணவர் பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார்.

"எட்டு இருக்குமுங்க."

"ரொம்பக் கூடும்போது?"

"அதுக்கு நெம்பர் இல்லீங்க."

நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார். "டாக்டர் மார்ஃபின் எழுதித் தரலியா?"

"தர்றேன்னு சொன்னாருங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. "சரி, இன்னிக்கே வாங்கிருவோம்" என்று டாக்டருக்கு போன் போட்டார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பதினோரு மணிக்கு முதல் மாத்திரை. சாப்பாட்டு வேளையில் தலையணையிலிருந்து நிமிர்ந்தார். காலை நீட்டினார். பிறகு, எத்தனையோ நாளைக்கு அப்புறம், மெதுவாக மல்லாந்து படுத்தார். ரசஞ்சோறு நாலு வாய் வாங்கிக்கொண்டு கேட்டார்:

"இது இத்தனை நாளா எங்கீங்க இருந்துச்சு?"

வீட்டுக்காரியிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசுவது சந்தோஷமாக இருக்கும்போது மட்டும்தான். என்னால் மறைக்க முடியவில்லை. "டாக்டர் அன்னைக்கே சொன்னாருங்க மாமா. நாந்தான் பயந்துட்டு வேண்டாம்னேன்" என்றேன்.

பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. கேட்காமல் விட்டது எப்படி என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். வலி அவருடையது. அதைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

சில நாள் கழித்துச் சோதனை முடிவுகள் வந்தன. வளையத்தின் ஒரு முனையில் சேர்க்கையை ஒட்டியிருந்த சேர்மத்தை ஏற்பி இயற்கையான என்கெஃபலினைவிட இறுக்கமாகப் பிடித்திருந்தது. அதே சேர்க்கையைப் பக்கத்து முனைக்கு நகர்த்தியது ஏறக்குறைய ஒட்டவே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன்.

"அது எனக்கு ஆகுமா?"

"ஆகாதுங்க. வயித்துக்குள்ள போனாச் செரிச்சுப் போயிரும். ஊசி போட்டாலும் மூளைக்குள்ள அதிகமாப் போகாதுங்க. லேப்புல குழாய்ல வெச்சுப் பாக்கறப்ப ஒட்டுது, அவ்வளவுதான்."

"ஒட்டுதல்ல" என்றார். அப்புறம் போனை எடுத்து, கம்பெனியில் கூட வேலை பார்த்தவரைக் கூப்பிட்டார். "என்ற ஊட்டுக்காரி செஞ்சது ஒட்டிருச்சப்பா" என்று இரண்டு தடவை சொன்னார். மறுமுனையில் இருந்தவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இன்னும் ஐந்து வாரம் இருந்தார். பெரும்பாலும் வலி கட்டுக்குள் இருந்தது. நான் ஆய்வகத்துக்குப் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர் அக்கா காபி கலந்துகொண்டிருந்தபோது, என் கையைப் பிடித்தபடி போய்விட்டார்.

மறுவருடம் பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் ஒரு பகுதியைக் குறிப்பிட்டு, மிகக் கவனமான வேலை என்று எல்லோர் முன்னும் பாராட்டினார். வீட்டுக்கு வந்து ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவர் பாராட்டியது அந்தப் பதினெட்டு நாட்களில் செய்த வேலையை. ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஓர் அடித்தல் இல்லை. கையெழுத்து எங்கும் நடுங்கவில்லை.