இடக்கைக் கத்திரி

என் அக்கா தையல்காரி, இடக்கைக்காரி. அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே நரம்பின் மேலுறையைச் சிதைக்கும் நோய். அவளுக்கு முதலில் மரத்தது கட்டைவிரல்தான். கை ஓய்ந்ததும் மகள் துணி வெட்ட உட்கார்ந்தாள்.

சென்ற மாதம் மகள், "அம்மா, கட்டைவிரல் மரத்துப்போகுது" என்றாள். அக்காவுக்கு உயிரே போய்விட்டது. "என் ரத்தம்தானே, நான்தான் குடுத்துட்டேன்" என்று ஓயாமல் புலம்பினாள்.

"நீயே டாக்டராயிட்டியா?" என்று எரிந்து விழுந்து, இருவரையும் நரம்பு மருத்துவரிடம் இழுத்துப் போனேன்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. "மரபணு, நோய் வர்ற வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். இருக்கற மரபணு எல்லாம் வேலை செஞ்சே ஆகணும்னு இல்ல. இந்த நோய் இருக்கற அம்மாக்களோட பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இது வர்றதே இல்லம்மா" என்றார் மருத்துவர். பிறகு என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டு, மகளின் வலது கட்டைவிரலைத் திருப்பினார். ஓரத்தில் காய்ப்புக் காய்த்திருந்தது. "கத்திரி வளையம் நரம்ப அழுத்துது. வேற கத்திரி வாங்கு."

தையல் கடைக்கு வந்ததும் அக்கா கத்திரியை எடுத்துப் பார்த்தாள். இடக்கைக்கென்றே வளைத்த பிடி. மகளோ வலக்கைக்காரி.

"சொல்லித் தொலைக்கக் கூடாதாடி!"

"உன் கத்திரிம்மா. மாத்தணும்னு சொன்னா வருத்தப்படுவியேன்னுதான்..."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "குடுத்தது நான்தான். ஆனா இத நான் திருப்பி வாங்கிக்கலாம்டி!"