ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிவப்புச் சேலை

சூசைதாசனைத் தெரியாத தமிழ் வீடு அந்நாளில் கனடாவின் ஸ்காபரோவில் குறைவு. வெளியூரிலிருந்து யார் வந்து இறங்கினாலும் நயாகரா பார்க்க வேண்டுமே; அதற்கு அவனுடைய பழைய வான் வண்டிதான். வழியெல்லாம் வாய் ஓயாது. அந்தக் கரையில் வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் சண்டைபிடித்த கதை, பள்ளத்துக்கு மேலே கயிறு கட்டி ஒருவன் நடந்துபோன கதை, பூச்செடியால் செய்த மணிக்கூடு. ஆறு ஒன்று, நாடு இரண்டு என்று முடிப்பான். அவனுக்கு மட்டும் அந்த இரண்டாவது நாடு இல்லை. அகதி வழக்கு முடியவில்லை. பாலத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போனால் திரும்ப விடமாட்டார்கள்.

தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா அன்ரனெற். தொண்ணூற்று நாலாம் ஆண்டு கோடையில், மச்சாள் வீட்டுக் கலியாணத்துக்கென்று கொழும்பிலிருந்து அமெரிக்கா வந்திருந்தாள். கனடா விசா கேட்டாள், இல்லை என்றுவிட்டார்கள். நெஞ்சு வருத்தக்காரி. இன்னொரு பயணத்தை அந்த உடம்பு தாங்காது. இப்போது காணாவிட்டால் இனி இல்லை.

அவள்தான் போனில் வழி சொன்னாள்.

“ரண்டு பக்கத்தாலயும் போட் அருவிக்குக் கிட்டப் போகுமெண்டு நீதானே சொன்னனி? நான் அங்காலை வரேலாது, நீ இஞ்சாலை வரேலாது. நடு ஆத்திலை பாப்பம்.”

“அவ்வளவு சனத்துக்கை உங்களை எப்பிடியக்கா கண்டுபிடிக்கிறது?”

“சிவத்தச் சீலை உடுத்துக்கொண்டு நிப்பன். அதுவும் தெரியாட்டி நீ என்ரை தம்பியே இல்லை!”

சனிக்கிழமை மத்தியானப் போட் என்று பேசிக்கொண்டார்கள். அன்று அவன் வானில் வேறு ஆள் ஏற்றவில்லை. வெள்ளைச் சேட் ஒன்றை அயன் பண்ணிப் போட்டான். அறையில் கூட இருந்த கிறிஸ்துநாயகம் சும்மா விடவில்லை.

“என்னடா சூசை, பொம்பிளை பாக்கவோ போறாய்?”

“உன்ரை வாயைப் பொத்து.”

போட்டில் ஏறும் இடத்தில் ஒரு பெட்டை அவன் கையில் நீலப் பொலித்தீன் மழைக்கோட்டைத் திணித்தாள். அப்போதுதான் உறைத்தது. ஏறுகிற எல்லாருக்கும் இதே நீலம்தான், இரண்டு கரையிலும். மேலே நின்று எத்தனை தரம் கண்டிருக்கிறான்! அக்கா சிவப்பு என்றதும் அந்தச் சந்தோசத்தில் ஞாபகம் வரவில்லை. இனி அவளுக்குச் சொல்லவும் வழியில்லை.

அந்தப் பக்கத்துப் போட் கிட்ட வந்தது. கம்பி நெடுக நீலம். நாடிவரை இழுத்துக் கட்டிய தொப்பிகள், முகமெல்லாம் அருவியின் நீர்ப்புகை. அவன் தன் கோட்டைக் கழற்றி எறிந்தான். “அக்கா! அக்கா!” அருவி அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது. அந்தப் போட்டில் எல்லாரும் கையசைத்தார்கள்; போட்டைக் கண்டால் சனம் கையசைக்கும்தானே. அவன் எல்லாருக்கும் கையசைத்தான்.

பின்னேரம் போன் வந்தது.

“சேட்டோடை நனைஞ்சுகொண்டு நிண்டனி, விசரா. தடிமன் பிடிக்கப் போகுது. நல்லா மெலிஞ்சு போனாய். என்னைக் கண்டனியோ?”

“ஓமக்கா. சிவத்தச் சீலை நல்ல எடுப்பாயிருந்தது.”

அந்தப் பக்கம் பொலித்தீன் கோட்டை மடிக்கிற சரசரப்புக் கேட்டது.

“ஓமடா தம்பி,” என்றாள் பிறகு. “எடுப்பாத்தான் இருந்தது.”